கோசோங் அக்காவின் வெறுந்தண்ணீர்

பகாவுக்கும் லுக்குட்டுக்கும் இடையே எத்தனை தோட்டங்கள் உண்டோ அத்தனையையும் சலித்துப் பார்த்தாலும், வெறுந்தண்ணீரை விருந்தைப் போல நீட்டத் தெரிந்தவர் ஒருவரைத்தான் காண முடியும். அவர் எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்தியவர். இயற்பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருந்தது; அங்கேயே தங்கிவிட்டது. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும், பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் ஓட்டுநருக்கும், பெரிய வாத்தியார் எனப்பட்ட தலைமையாசிரியருக்கும், அங்கு ஆசிரியையாக இருந்த எனக்கும் அவர் கோசோங் அக்கா.

அப்பெயரை விளக்க, நம் மலேசியத் தமிழின் விந்தை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மவர் வீட்டுக்கு யாரேனும் வந்தால், "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்போம். வந்தவர் "தண்ணீர்" என்று விடை சொன்னால் வீட்டுக்காரரின் முகம் வாடிவிடும். தண்ணி என்றால் தேநீர். தண்ணி என்றால் காப்பி. தண்ணி என்றால் செக்கச்செவேலென்று சீனிப்பாகில் கலக்கிய சிராப். மெய்யான தண்ணீருக்கு மட்டும் அந்தப் பெயர் இல்லை. அதற்கு மலாயிலிருந்து இரவல் வாங்கி 'ஆயர் கோசோங்' என்போம். கோசோங் என்றால் வெறுமை, பூச்சியம். உயிர்களையெல்லாம் வாழவைக்கும் ஒரு பொருளுக்கு 'ஒன்றுமில்லாதது' என்று பெயர் வழங்குகிறோம். அந்த ஒன்றுமில்லாததைத்தான் அக்கா ஊற்றிக் கொடுத்தார்.

முன்பெல்லாம் அவரும் பிறரைப் போலவே சிவப்பு, பச்சை, மஞ்சள் என மூன்று நிறத் தண்ணீரை மூன்று பெரிய கண்ணாடிக் கலங்களில் வைத்திருந்தவர்தாம். பிள்ளைகளின் உடல்நலம் கருதிப் பள்ளிகளில் இனிப்புப் பானங்களைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பெரிய வாத்தியார் அதை அவருக்குப் படித்துக் காட்டினார். மறுநாள் மூன்று கலங்களும் நிரம்பியிருந்தன. நிறத்தை மட்டும் காணவில்லை.

"என்னம்மா இது? குறைக்கத்தானே சொல்லியிருக்கு?"

"ஆமா சார். குறைக்கத்தான் ஆரம்பிச்சேன். குறைச்சுக்கிட்டே போனா அது எங்க போயி நிக்கும்? கோசோங்லதான் நிக்கும்."

"பாதியில நிறுத்தியிருக்கலாம்லா?"

"பாதியில நிறுத்துன்னு அதுல எழுதியிருக்கா? காட்டுங்க சார்."

பெரிய வாத்தியார் தாளை இருபுறமும் புரட்டிப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை.

இத்தனை பிடிவாதத்துக்கும் காரணமானவர் பள்ளி வேலிக்கு வெளியே ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் மேல் அமர்ந்திருந்தார். பின்னிருக்கையில் கட்டிய தோங்கு என்னும் பீப்பாயிலிருந்து சிவப்புத் தண்ணீரை மொண்டு, நெகிழிப் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழலைச் செருகி, வாயை முடிச்சிட்டு வேலிக் கம்பிகளுக்கு நடுவே நீட்டுவார். பிள்ளைகள் அவரைச் சிராப் மாமா என்றார்கள். அவர் அக்காவின் கணவர். ஆகவே உறவுமுறையும் பிசகவில்லை.

மாமாவுக்கு இனிப்பு நீர் நோய். இடக்காலின் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தது. இனியும் சீனித் தண்ணீரைக் கைவிடாவிட்டால் காலையே எடுக்க நேரும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். மாமாவோ, தாம் கலந்ததைத் தாமே சுவை பார்ப்பது தொழில் தர்மம் என்று ஒரு நாளைக்குப் பத்து முறை சுவை பார்த்தார்.

"வீட்டுல சொன்னா கேக்க மாட்டேங்குறாரு டீச்சர்," என்று அக்கா ஒருநாள் கீரை ஆய்ந்தபடியே என்னிடம் சொன்னார். "அதான் இந்தப் பக்கமா வர்றேன். புள்ளைங்க வாங்கலன்னா அவரு கலக்க மாட்டாரு. கலக்கலன்னா குடிக்க மாட்டாரு. குடிக்கலன்னா கால் தப்பிச்சிரும்."

"அப்ப இதெல்லாம் மாமா காலுக்காகவா?"

"புள்ளைங்க காலும் காலுதானே? அவரும் இவ்ளோ பெருசுல இதக் குடிச்சு வளந்தவருதான்," என்று கையை இடுப்பளவுக்குக் காட்டினார்.

அன்று முதல் ஒரு காலைக் காக்கும் போர் எங்கள் பள்ளியில் முழுவீச்சில் நடந்தது.

முதலில் வீழ்ந்தவர்கள் ஆசிரியர்கள். எங்கள் தேநீரிலும் சீனி ஒழிந்தது. பெரிய வாத்தியார் வீட்டிலிருந்து சிறு பொட்டலத்தில் சீனியை மடித்துச் சட்டைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்தார். ஒரு திங்கட்கிழமை அது பிரிந்துவிட்டது. சபைக்கூட்டத்தில் ஒழுக்கத்தைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தவரின் மார்பில் எறும்புகள் வரிசை பிசகாமல் ஏறின. பிள்ளைகள் அத்தனை பேரும் அன்று உரையை இமைகொட்டாமல் பார்த்தார்கள். பின்வரிசையில் நின்ற அக்கா, "எறும்புக்குத் தெரியுது பாருங்க டீச்சர், யாரு திருடன்னு," என்று என் காதில் சொன்னார்.

ஆனால் பிள்ளைகளை வெல்வது அத்தனை எளிதாக இல்லை. பெயரிலேயே ஒன்றுமில்லாத பொருளை எந்தப் பிள்ளை விரும்பிக் குடிக்கும்? அக்கா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கலங்களின் மேல் மூன்று அட்டைகள் தொங்கின: காலைத் தண்ணி, ஓட்டத் தண்ணி, கணக்குத் தண்ணி. மூன்றும் ஒரே குழாயில் பிடித்து, ஒரே பானையில் கொதிக்கவைத்து ஆற்றியவை. உடற்பயிற்சி முடிந்தால் ஓட்டத் தண்ணி. கணக்குப் பாடத்துக்கு முன் கணக்குத் தண்ணி. ஒரே வாரத்தில், எதன் சுவை மேல் என்று நான்காம் ஆண்டு மாணவர் இருவர் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டது.

பரீட்சை முடிந்ததும் ஒரு தாய் மூச்சிரைக்க வந்தார்.

"யக்கா, என் மகன் பதினஞ்சு நாளா உங்க கணக்குத் தண்ணியத்தான் குடிச்சான். கணக்குல பெயிலு!"

அக்கா அசரவில்லை. "ஓட்டத்துல?"

"ஓட்டத்துல மொத ஆளு."

"அப்பறம் என்ன? கலம் மாத்திக் குடிச்சிருக்கான் பயபுள்ள. போயி அவனக் கேளுங்க."

அந்தத் தாய் மெய்யாகவே மகனைக் கேட்கப் போனார்.

இடைவேளைதோறும் வேலியருகே நடந்த வாக்குவாதத்தைக் காணப் பிள்ளைகள் உணவையும் மறந்து ஓடுவார்கள்.

"யோவ், கட்டுன பொண்டாட்டி கடைக்கு எதிர்லயே கடை போடுற ஆளு உலகத்துல நீ ஒருத்தன்தான்யா!"

"நீ நடத்துறது கடையா? காத்த ஊத்தி விக்கிற. தாகத்துக்குப் புள்ளைங்க என்கிட்டதான்லா வருது."

"கால் புண்ண மூடிக்கிட்டுப் பேசு. ஈ மொய்க்குது!"

"அது ஈ இல்லடி, என் வாடிக்கக்காரங்க."

பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். அக்கா மட்டும் அவர் காலையே பார்த்துக்கொண்டு நிற்பார். இடைவேளை முடிந்ததும், உப்புக் குறைத்து அவருக்கென்று தனியே கட்டிய சோற்றுப் பொட்டலத்தை அதே வேலிக் கம்பிகளின் நடுவே நீட்டுவார். மாமா அதை வாங்கிக்கொள்வார்.

ஓராண்டுக்குள் அக்கா வென்றார். அதில் ஐயமே இல்லை. வேலிக்கருகே நின்ற கூட்டம் பத்தானது, ஐந்தானது. ஒருநாள் இரண்டு பேர் மட்டும் வந்து, அக்காவைக் கண்டதும் அவர்களும் திரும்பிவிட்டார்கள். அன்று அவர் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கைப்பிடி அவித்த கச்சான் கடலை கொடுத்தார். என் கையிலும் ஒரு பிடியைத் திணித்து, "முடிஞ்சுச்சு டீச்சர். இனிமே கலக்க மாட்டாரு," என்றார். அவ்வளவு பெரிய சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் அவர் முகத்தில் நான் கண்டதில்லை.

மாமா கலக்குவதை நிறுத்தவில்லை. பிள்ளைகள் நாளைக்கு மனம் மாறுவார்கள் என்ற நம்பிக்கையில் தினமும் தோங்கை நிரப்பிக்கொண்டு வந்தார். நிரம்பிய தோங்குடன் திரும்பினார். மிஞ்சியதைச் சாக்கடையில் ஊற்ற அவருக்குக் கை வரவில்லை. சீனி டப்பா காலியானதும் அதைக் கழுவி, அந்தத் தண்ணீரை ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த தாய்க்குப் பிறந்தவர் அவர். குளியலறைக்குப் பின்னால், அக்கா பள்ளிப் பாத்திரங்களைக் கழுவி முடித்து வீடு திரும்புவதற்கு முன், குவளை குவளையாக அவ்வளவையும் அவரே குடித்தார். முன்பு பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் பங்குபோட்டுக் குடித்ததை இப்போது ஒருவரே குடித்துக்கொண்டிருந்தார்.

அரசாங்க மருத்துவமனையில்தான் அக்காவுக்கு இது தெரிந்தது. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பின், மயக்கம் தெளிந்த மாமாவே சொல்லிவிட்டாராம். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா நடைபாதையில், நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் அடைச்சேன் டீச்சர். அது வீட்டுப் பக்கம் திரும்பிருச்சு."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "ரெண்டு புள்ளைங்க வந்துச்சுங்களே அன்னிக்கு. அதுங்களையாச்சும் வாங்க விட்டிருக்கலாம்," என்றார். பிறகு அவரே தலையை அசைத்து, "எப்புடி விடுறது?" என்றார்.

புண்ணின் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. மாமா வீடு திரும்பவில்லை.

பதினாறாம் நாள் படையலுக்கு நான் போயிருந்தேன். சனிக்கிழமை முற்பகல். வேன் ஓட்டுநர் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். படத்தின் முன் தலைவாழையிலையில் ஆட்டிறைச்சிக் குழம்பு, வறுத்த கருவாடு, வெற்றிலை என்று மாமாவுக்குப் பிடித்தவை எல்லாம் இருந்தன. லுக்குட்டிலிருந்து வந்த மாமாவின் தம்பி, கடையில் வாங்கிய குளிர்பானப் புட்டி ஒன்றை இலையோரத்தில் வைத்தார். அக்கா அதை எடுத்துவிட்டார்.

"இது அவருக்கு ஆவாது."

"இன்னிக்குமா அண்ணி?" என்றார் தம்பி. சுற்றிலும் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அதுக்குச் சொல்லல தம்பி. கடைத் தண்ணி அவருக்குப் பிடிக்காது. அவரு கலக்குற தண்ணிதான் பிடிக்கும்."

அக்கா சமையற்கட்டுக்குள் போனார். சீனி டப்பாவையும் சிராப் புட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கணவர் கலந்ததை அவர் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. மாமாவின் அளவு அவருக்குத் தெரியாது. வாசலுக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்தார்.

"மாமாகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சவங்க யாரு? கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள்.

"ஏச மாட்டேன்லா. சாமி சத்தியமா ஏச மாட்டேன்."

முதலில் ஒரு கை உயர்ந்தது. பிறகு எல்லாக் கைகளும் உயர்ந்தன. அக்கா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஆனால் கொடுத்த வாக்கைக் காத்தார்.

சமையற்கட்டில் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். அவர் ஒரு கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கி, ஆளுக்கு ஒரு தேக்கரண்டி சுவைக்கக் கொடுத்தார்.

"இன்னும் போடணும் அக்கா."

இன்னொரு கரண்டி.

"இன்னும்."

"மாமா உப்புப் போடுவாரு அக்கா. கொஞ்சூண்டு."

"எலுமிச்சையும் பிழிவாரு."

"சீனி இன்னும் போடணும் அக்கா."

ஒவ்வொரு முறையும் அவர் கரண்டி டப்பாவின் வாயில் ஒரு கணம் நின்றது. ஒவ்வொரு முறையும் போட்டார். ஏழாவது கரண்டிக்குப் பின், கணக்கில் தேறாத அந்த ஓட்டக்காரப் பையன் நாக்கைச் சப்புக்கொட்டி, "இதான்!" என்றான். மற்றவர்களும் சுவைத்துவிட்டுத் தலையாட்டினார்கள். எவரும் சிரிக்கவில்லை.

சிவந்த குவளையை அக்கா இரு கைகளாலும் ஏந்திச் சென்று படத்தின் முன் வைத்தார். சூடம் காட்டினார்கள். கும்பிட்டு எழுந்ததும், வழக்கம்போல் படையலில் இருந்தவற்றை எல்லாருக்கும் பங்கிட்டார்கள். பிள்ளைகள் சோறு வாங்கினார்கள். அவர்கள் குடிக்க அக்கா கொதித்தாறிய தண்ணீரைத்தான் ஊற்றினார். குவளை மட்டும் இலையோரத்தில் தனியே இருந்தது. தம்பி அதை எடுக்கக் கை நீட்டினார்.

"வேணாம் தம்பி. உங்க அண்ணனுக்கு இருந்தது உங்களுக்கும் இருக்கும்."

"அப்ப ஊத்திரவா அண்ணி?"

"ஊத்தாதீங்க," என்றார் அக்கா. "அவரு ஊத்த மாட்டாரு."

குவளையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். குளியலறைச் சுவரோரம் கிடந்த வெறுந்தோங்கின் அருகே நின்று, கசப்பு மருந்தைக் குடிப்பவரைப் போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மிடறு மிடறாகக் குடிக்கத் தொடங்கினார். பாதியில் மூச்சு முட்டி நிறுத்தினார்.

"எப்புடி டீச்சர் இதப் போயிக் குடிச்சாரு மனுசன்?" என்றார்.

அவரை அதற்குமேல் தனியாகக் குடிக்கவிட எனக்கு மனம் வரவில்லை. கையிலிருந்த குவளையை வாங்கி, மீதியை நான் குடித்தேன்.