நடுக்கத் தடைச் சட்டம்

ஒரு துளி நீருக்குள் ஒரு நாடு இருந்தது. அதன் குடிமக்கள் ஒவ்வொருவரும் ஒற்றை மூலக்கூறு. வெப்பம் அவர்களை ஓயாமல் உலுக்கி நடுங்கவைத்தது. நின்ற இடத்தில் நிற்க யாராலும் முடியாது.

அந்நாட்டின் களஞ்சியக் கதவைக் காத்தவள் குமுதவல்லி. பசிச் செய்தி கொண்டுவருபவன் ஒரு கையையும், விளைச்சல் செய்தி கொண்டுவருபவன் மறு கையையும் ஒருசேரப் பற்றினால்தான் கதவைத் திறப்பாள். நெரிசல்தான் அவ்விருவரையும் அவளிடம் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். கண்டவர்களும் வந்து கையைப் பிடிப்பார்கள். பொருந்தாத பிடி அடுத்த உலுக்கலில் நழுவிவிடும். பொருந்திய பிடி நிற்கும். உடனே ஒரு வெல்லக்கட்டியைக் கடித்து, அந்தத் தெம்பில் தாழ்ப்பாளை இழுப்பாள். இழுத்தபின் எந்த நெரிசலாலும் அதைத் திருப்பித் தள்ள முடியாது. எப்போதாவது தவறுவாள். ஆனாலும் நாடு சாப்பிட்டது.

ஒருநாள் அமைச்சர் தணிகாசலம் பார்வையிட வந்தார். கூட்டம் இடித்ததில் அவர் தலைப்பாகை விழுந்தது.

"காவலுக்கு வெல்லம் எதற்கு? வீண் செலவு" என்று அதை நிறுத்தினார்.

தெம்பில்லாத கையில் தாழ்ப்பாள் கூட்டத்தின் போக்குக்கு ஆடியது. வேண்டாதபோது திறந்தது, பசித்தவர்கள் வந்தபோது மூடிக்கொண்டது. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு திரும்பினார்கள்.

"கண்டீர்களா? நடுக்கமே நாட்டின் எதிரி. நாட்டைக் குளிர்விக்க ஆணையிடுகிறோம்" என்றார் அமைச்சர்.

குமுதவல்லிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "வெல்லத்த நிறுத்துனது நீங்க. பழிய ஜனங்க மேல போடுறீங்களே, இது அடுக்குமா?"

"காவல்காரிகளிடம் அரசு கருத்துக் கேட்கவில்லை."

நாட்டைச் சுற்றிப் பனிக்கட்டி அடுக்கினார்கள். அரசவை மேடைக்கு மட்டும், பொதுநலன் கருதி, குளிர்காயக் கணப்பு நெருப்பு அனுமதிக்கப்பட்டது. நெரிசல் தளர்ந்தது, பிறகு நின்றது. பசிச் செய்தி கொண்டுவந்தவன் குமுதவல்லியின் விரல் நுனிக்கு எட்டாத தூரத்தில், திறந்த வாயோடு உறைந்துபோனான். அவள் முதுகுக்குப் பின்னால் களஞ்சியம் நிறைய தானியம் இருந்தது.

பிறகு நடுக்கத் தடைச் சட்டத்தை முறைப்படி வாக்கெடுப்புக்கு விட்டார்கள்.

"நம் நாடு மக்களாட்சி நாடு. எதிர்ப்பவர்கள் அச்சமின்றிக் கையை உயர்த்தலாம்" என்றார் தணிகாசலம், கணப்பில் உள்ளங்கையைக் காட்டிக் குளிர்காய்ந்தபடி.

குமுதவல்லி தன்னிடம் இருந்த ஆத்திரத்தையெல்லாம் திரட்டித் தோளுக்குக் கொடுத்தாள். தோள் அசையவில்லை. சுண்டுவிரல்கூட அசையவில்லை.

அமைச்சர் வெகுநேரம் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, சட்டம் ஒருமனதாக நிறைவேறியது என்று அறிவித்தார்.