நான் கான்சல் செய்த பல்கனி

எங்கள் ஆட்கள் ஓர் ஊருக்குப் புறப்பட்டால் அங்கே என்ன பார்க்கலாம் என்று யோசிப்பதில்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார்கள். ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மச்சான் ஒருவர் இருந்தாலே போதும். எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எங்கே கோப்பி குடிப்பது எல்லாம் முடிந்த கதை. சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் நிற்பது அவரை நாலு பேர் பார்க்கக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். இந்தச் சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் பரிசில் அதைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில்தான் இருக்கிறது என்று நான் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கொரு பட்டப்பெயர் கிடைத்தது. டொரொண்டோவில் என் சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. பட்டப்பெயரைச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள்.

அப்போது எனக்குக் கலியாணமாகி ஒரு வருடம். மனைவி சுபாவின் தாய் தகப்பன் டொரொண்டோவில், ஸ்காபரோவில் இருக்கிறார்கள். சுபாவின் அக்காவைக் கட்டியவரும் அங்கேதான், கணக்காளர். மாமா அவரை ‘மருமகன்’ என்று வாய் நிறையக் கூப்பிடுவார். என்னைக் கூப்பிடுவது ‘தம்பி’ என்று. (பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருப்பவரையும் அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.) நான் பரிசில் ஒரு ரெஸ்டோரண்டின் நிலக்கீழ் குசினியில் வேலை செய்பவன். அதனால்தான் மருமகன் பட்டம் தள்ளிப்போகிறது என்று நானே முடிவுகட்டி, நானே அதற்காக வருந்தி, என்றாவது ஒருநாள் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வாங்கியே தீருவது என்று இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மாமாவும் மாமியும் முதல்முதலாகப் பரிசுக்கு வருவதாகச் சொன்னார்கள். அவர்களின் கலியாண நாளும் அந்த நாட்களுக்குள் வந்தது.

“அவை ஹோட்டலிலைதான் நிக்கப் போகினமாம்,” என்றாள் சுபா. “அப்பா ரூம் போடச் சொன்னவர். உங்கட கார்டிலை போட்டிட்டன்.”

“ஏன், எங்கட வீட்டுக்கு என்ன?”

“அவைக்கு விருப்பமாம். விடுங்கோவன்.”

நான் விடுகிற ஆளா? பரிசின் புறநகரான பியர்ஃபித்தில் எங்களுக்கு ஒரு படுக்கையறை, ஒரு ஹோல், திரும்பினால் முழங்கை இடிக்கிற ஒரு குசினி. மாமா அதைக் குறைவாக நினைக்கிறார் என்று எனக்குப் பட்டது. எப்படி உபசரிக்கிறேன் என்று காட்டினால் மருமகன் பட்டம் தானாக வரும் என்று கணக்குப் போட்டேன். சுபா வேலைக்குப் போனபின் தொலைபேசியை எடுத்து ஒரே அமுக்கில் ஹோட்டலைக் கான்சல் செய்தேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த பெருமிதத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டலாம்போல இருக்கிறது.

விமான நிலையத்தில் மாமா கேட்ட முதல் கேள்வி, “ஹோட்டல் எந்தப் பக்கம், தம்பி?”

“அதை நான் கான்சல் பண்ணிட்டன், மாமா. மகளின்ரை வீடு இருக்கேக்கை உங்களுக்கு என்னத்துக்கு ஹோட்டல்?”

மாமா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சுபா என் கையில் கிள்ளிய இடம் பிறகு நீலமாகிப் போயிருந்தது. மாமிதான், “ஐயோ, உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்?” என்றார். விருந்தினர் அப்படித்தானே சொல்வார்கள், நாங்களும் அதைக் கேட்காமல்தானே இழுத்துக்கொண்டு போவோம் என்று நினைத்து, பெட்டிகளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடந்தேன்.

படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹோலில் படுத்தோம். டொரொண்டோவிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்த எல்லோருக்கும் சொன்னேன். பின்னேரமானால் பியர்ஃபித்தில் பாதிப்பேர் எங்கள் ஹோலில் இருந்தார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே. மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குசினிக்குள் போனவர்தான். பரிஸ் பார்க்க வந்த மனிசி புட்டுக்குழலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வெளியிலை எங்கையாவது சாப்பிடுவமே?” என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டார்.

“வெளியிலை என்ன மாமி, வாயிலை வைக்கேலாது. உங்கட புட்டுக்கு முன்னாலை நிக்குமோ?” என்று நான் அவரை மேலும் இரண்டு குழல் அவிக்கவைத்தேன்.

கலியாண நாள் வந்தது. மாமா சந்தன நிறத்தில் கோட்டும் காற்சட்டையும் போட்டு டையும் கட்டியிருந்தார். மாமி நீலச் சேலை. “இண்டைக்குப் பரிசைக் காட்டுறன், வாங்கோ,” என்று ரயிலேற்றி நேரே எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் பரிஸ் என்று நம்பியிருந்தது லா ஷப்பலைத்தான். பலசரக்குக் கடை, சேலைக்கடை, நகைக்கடை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். மாமா ஒரு முருங்கைக்காயை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

“ஸ்காபரோ மாதிரியே கிடக்கு,” என்றார்.

நான் பூரித்துப்போனேன்.

தெரிந்த அண்ணை ஒருவரின் கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டோம். வெளியே வந்தபோது, மெத்ரோ பாலத்துக்குப் பக்கத்து மூலையில் ஒரு பிரெஞ்சுக் கோப்பிக் கடையைக் கண்டு மாமி நின்றுவிட்டார். வெளியே சிறிய வட்ட மேசைகள், வீதியைப் பார்த்தபடி கதிரைகள், மேலே சிவப்புத் துணிப் பந்தல்.

“கால் உளையுது. இதிலை கொஞ்சம் இருப்பமே?” என்றார்.

இருந்தோம். மாமாவின் முகம் அந்தப் பயணத்தில் முதல் தடவையாக மலர்ந்தது. செர்வர் வந்ததும் டையைச் சரிசெய்துகொண்டு, ஸ்காபரோவில் ஒத்திகை பார்த்துவந்த பிரெஞ்சில் இரண்டு கோப்பியும் இரண்டு குருவாசானும் (பிறை வடிவப் பணிஸ்) கேட்டார். செர்வருக்கு விளங்கியும் விட்டது. மாமி அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் காட்சியை அப்படியே விட்டிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும்.

நான் செர்வரைத் திருப்பிக் கூப்பிட்டு ஓடரைக் கான்சல் செய்தேன்.

“இவங்கள் சின்னக் கோப்பையிலை கசாயம் தருவாங்கள், மாமி. நீங்கள் குடிக்க மாட்டியள்,” என்று சொல்லியபடி பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தேன். காலமை எழும்பி, பால் காய்ச்சி, சீனி அளவாகப் போட்டு நானே ஊற்றிக்கொண்டு வந்தது. கூடவே ஈயத்தாளில் சுற்றிய உழுந்து வடையும் சம்பலும். அவற்றை மேசையில் விரித்துவிட்டுச் செர்வரிடம், “நாலு வெறுங்கோப்பை தர முடியுமா?” என்று கேட்டேன்.

செர்வர் என்னைப் பார்த்தான், வடையைப் பார்த்தான், திரும்பவும் என்னைப் பார்த்தான். “முசியு, இது பூங்கா இல்லை,” என்றான்.

“நானும் ரெஸ்டோரண்ட் ஆள்தான்,” என்றேன், அது ஏதோ அனுமதிச் சீட்டு என்பதுபோல.

“அப்படியென்றால் உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.”

நியாயமான பேச்சு. ஆனால் மாமாவின் முன்னால் தோற்கலாமா? ஒரு கையால் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே மறுகையை வீசி விவாதித்தேன். மூடி கழன்றது. பிளாஸ்க் சரிந்தது. ஆடை படர்ந்த பால் கோப்பி முழுவதும் மேசையில் ஓடி, விளிம்பில் ஒரு கணம் யோசித்து, மாமாவின் சந்தனக் காற்சட்டையில் இறங்கியது. (நல்லகாலம், சூடு ஆறியிருந்தது.) மாமா எழுந்து நின்றார். பக்கத்து மேசைக்காரர்கள் கதிரையை இழுத்துக்கொண்டு தள்ளிப்போனார்கள். வீதியில் போன தெரிந்த முகங்கள் எல்லாம் நின்றன. கொத்துரொட்டி தந்த அண்ணை கடை வாசலிலிருந்து, “என்ன தம்பி, ஏதும் விசேசமோ?” என்று வேறு விசாரித்தார். நாங்கள் வடையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறியபோது செர்வர் பின்னால் வந்து, பிளாஸ்க்கை இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டினான்.

மெத்ரோ பாலத்தின் கீழே ஒரு வாங்கில் மாமியை இருத்தினோம். மாமா கைக்குட்டையால் காற்சட்டையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். சுபா என்னை ஒரு தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

“அம்மா பேக்கரி பக்டரியிலை என்ன வேலை எண்டு தெரியுமோ உங்களுக்கு?”

“பக்கிங் எண்டு சொன்னனீர்.”

“குருவாசான் பக்கிங். வந்த நாளிலை இருந்து அதுதான். அந்தப் பெட்டியிலை ஒரு படம் இருக்கு. பல்கனி ஒண்டு, கீழை ரோட்டோரம் ஒரு கோப்பிக் கடை. ‘ஒருநாளைக்கு உன்னை இந்தப் படத்துக்குள்ளை கொண்டுபோய் இருத்துறன்’ எண்டு அப்பா சொல்லிச் சொல்லியே இவ்வளவு காலமும் போச்சு. பல்கனி வைச்ச ரூம்தான் வேணும், அம்மாவுக்குச் சொல்லாதை எண்டவர். நீங்கள் கான்சல் பண்ணினது அதைத்தான்.”

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. மாமியை நினைக்கக் கவலையாகவும் இருந்தது. நான் பரிசுக்கு வந்த நாள்முதல் வேலை செய்ததெல்லாம் இப்படியான கடைகளுக்குக் கீழேதான். தட்டைச் சிறிய லிஃப்டில் வைத்தால் அது மேலே போய்விடும். யார் சாப்பிட்டார், எப்படி முகம் வைத்தார், ஒன்றும் தெரியாது. மேலே உள்ள மேசையில் நானும் அன்றுதான் முதல்முதலாக இருந்தேன். இருந்ததும் செய்த வேலை அது.

அந்த ஹோட்டலுக்கு அப்போதே அழைத்துக் கெஞ்சினேன். அறை போய்விட்டது என்றார்கள். அதைச் சொல்ல வாங்கடிக்கு வந்தால் மாமாவைக் காணவில்லை. “உதிலை போட்டு வாறன் எண்டு போனவர்,” என்றார் மாமி. கோபித்துக்கொண்டு விமான நிலையத்துக்கே போய்விட்டாரோ என்று நான் வெலவெலத்துப்போனேன்.

கொஞ்ச நேரத்தில் கார் து நோர் ஸ்டேஷன் பக்கமிருந்து மாமா நடந்து வந்தார். கோப்பிக் கறைக்கு மேலே கோட்டின் பொத்தானைப் பூட்டியிருந்தார். கையில் ஓர் அறைச் சாவி.

“மருமகன்,” என்றார்.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். (கணக்காளர் வந்துவிட்டாரோ என்று.)

“உங்களைத்தான். வீட்டை போய் எங்கட பெட்டியளைக் கொண்டாங்கோ. சாப்பாடு ஒண்டும் கொண்டரக்கூடாது.”

இப்படித்தான் நான் மருமகன் ஆனேன். பெட்டிகளோடு போய்ப் பார்த்தபோது, மாமா எடுத்திருந்த ஹோட்டல் அறையின் பல்கனியில் ஒருவர் நிற்கலாம், மற்றவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கலாம். தெரிந்தது பரிசின் பேர்போன இரும்புக் கோபுரமல்ல, ரயில் தண்டவாளம். மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு, “வடிவாக் கிடக்கு,” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் அழுததை நாங்கள் ஒருவரும் பார்க்காததுபோல நின்றோம்.

இப்போது அவர்கள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். எங்கே தங்குகிறார்கள் என்பது சுபாவுக்கு மட்டும் தெரியும். எனக்குக் கடைசியில்தான் சொல்லப்படும். கான்சல் செய்தாலும் காசு திரும்பாத அறையாகப் பார்த்துத்தான் மாமா எடுக்கிறார். ஸ்காபரோவில் எந்தக் கலியாணவீட்டுக்குப் போனாலும் என்னை “இவர்தான் எங்கட கான்சல் மருமகன்” என்றே அறிமுகப்படுத்துகிறார். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் இலையைக் கையால் மறைத்துக்கொள்வது வழமையாகிவிட்டது.

போன முறை நால்வரும் ஒரு கோப்பிக் கடையில் வீதியோரமாக இருந்தோம். சுபா வழக்கம்போல என் பையைச் சோதித்தாள், சுத்தம். மாமா பிரெஞ்சில் ஓடர் கொடுத்தார், நான் வாயே திறக்கவில்லை. மாமி குருவாசானைத் தூக்கி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கடித்தார். பிறகு கோப்பியில் ஒரு வாய் குடித்தார். இத்தனை வருடமும் சிரித்தபடி விழுங்கிவந்த கசப்பு அன்று ஏனோ இறங்கவில்லை. மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

“மருமகன், பிளாஸ்க் ஏதும் கிடக்கே?”

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா வீதியைப் பார்த்தார். அவரும் தன் கோப்பையை எடுத்து, மருந்து குடிப்பதுபோல ஒரே மடக்கில் குடித்து முடித்து, வெறுங்கோப்பையை மேசைக்குக் கீழால் என் பக்கம் நீட்டினார்.

கோட்டின் உள்பையில் கையை விட்டேன். இன்னும் சூடாகத்தான் இருந்தது.