சுற்றிக்கொண்டே இருந்த வட்டமும் மரிக்கொழுந்து என்ற மானும்

ஒரு காட்டில் நியாயமாகச் சாப்பிட ஆசைப்பட்ட சிங்க ராஜா ஒன்று இருந்தது. பெயர் வீரமுடி. யாரைத் தின்றாலும், "எங்க வீட்டு ஆளுங்கதான் கண்ணுக்குத் தெரியுதா?" என்று சொந்தக்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள். வெறுத்துப்போன வீரமுடி ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் குகைக்குள் வைத்தது.

தினமும் மதியம் கம்ப்யூட்டர் ஒரு பெயரைக் காட்டும். அந்தப் பெயருக்கு உரியவர் குகைக்கு வந்து நிற்க வேண்டும். ராஜா 'சரி' என்ற பட்டனை அமுக்கும். திரையில் 'சாப்பிடலாம்' என்று வரும். பொழுது சாய்வதற்குள் அந்த வார்த்தை வராவிட்டால் வந்தவர் வீட்டுக்குப் போகலாம். இதை ராஜாவே எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்து சொல்லியிருந்தது.

ஆரம்பத்தில் கண் இமைப்பதற்குள் 'சாப்பிடலாம்' வந்தது. பிறகு ராஜாவுக்குக் கம்ப்யூட்டர் மேல் பிரியம் வந்துவிட்டது. தன் கர்ஜனை வீடியோவைத் திறந்தது. பிடரி பராமரிப்பு பற்றிய பக்கங்களைத் திறந்தது. பக்கத்துக் காட்டுப் புலி எடுத்த படங்களையெல்லாம் பொறாமையோடு திறந்தது. எதையும் மூடவில்லை.

ஒரு மதியம் மரிக்கொழுந்து என்ற மானின் பெயர் வந்தது. குட்டியைத் தங்கையிடம் விட்டுவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு அவள் குகைக்கு வந்தாள்.

"வாம்மா, உட்காரு. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்று சொல்லி ராஜா பட்டனை அமுக்கியது.

திரையில் ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. ராஜா மவுஸை இழுத்தது. அம்புக்குறி நகரவில்லை. மறுபடி இழுத்தது. கொஞ்ச நேரம் கழித்து அது சம்பந்தமில்லாத ஒரு மூலையில் போய் நின்றது. பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது.

"சிங்காரத்தைக் கூப்பிடுங்க!" என்று ராஜா உறுமியது.

காட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பது சிங்காரம் என்ற மரங்கொத்திதான். அது வந்து பெட்டியில் காது வைத்துக் கேட்டது.

"மெமரி நிறைஞ்சிடுச்சு ராஜா. மெமரிங்கறது மேஜை மாதிரி. ஹார்ட் டிஸ்க் பரண் மாதிரி. மேஜையில இடம் இல்லேன்னா இது பொருளைத் தூக்கிப் பரண்ல போடுது. நீங்க கேட்டா இறக்கணும். இறக்கி வைக்க இடம் வேணுமே, அதுக்கு இன்னொண்ணைப் பரண்ல ஏத்தணும். இப்ப ஏத்தறதும் இறக்கறதும்தான் நடக்குது. வேலை நடக்கல."

"அப்ப என்னடா பண்றது?"

"திறந்து வெச்சதுல பாதியை மூடுங்க."

ராஜா ஒவ்வொன்றாகப் பார்த்தது. "இது வேணும். இதுவும் வேணும். புலி படம்... அது கட்டாயம் வேணும். வேற வழி சொல்லு."

"அப்ப கூடுதலா மெமரி போடணும். கையோட கொண்டுவந்திருக்கேன்."

"போடு, போடு! பசி உயிர் போகுது."

மரிக்கொழுந்து வெளியே எட்டிப் பார்த்தாள். குகை வாசலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான். ஆனால் சிங்காரம் அதற்குள் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டது.

"இனி கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணணும் ராஜா" என்றது.

மானுக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. "ஆஃப் பண்ணினா திறந்து வெச்சதெல்லாம் மூடிக்குமா அண்ணே?"

"மூடித்தானே ஆகணும்?"

"ஐயோ, ராஜாவோட கர்ஜனை வீடியோ?" என்று மரிக்கொழுந்து நெஞ்சில் குளம்பை வைத்துக்கொண்டாள். "திரும்பத் தேடினா கிடைக்குமோ என்னமோ!"

ராஜாவின் முகம் மாறியது. எதை எங்கே பார்த்துத் திறந்தோம் என்று அதற்கு ஒன்றுகூட நினைவில்லை.

"டேய், கையை எடுடா!" என்று சிங்காரத்தை அதட்டியது. "தானா சரியாகும். பொறுத்துப் பார்க்கலாம்."

மூவரும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வட்டம் ஒருமுறை நின்றது. மானுக்கு மூச்சும் நின்றது. மறுபடி சுற்றியது.

வாசலில் இருட்டு வந்தது.

"நான் கிளம்பட்டுங்களா ராஜா?" என்று மான் மெதுவாகக் கேட்டாள்.

"போய்ட்டு வாம்மா" என்றது ராஜா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உனக்குத்தான் வீண் அலைச்சல்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள் மரிக்கொழுந்து. குகையைத் தாண்டும் வரை மரியாதையாக நடந்தாள். பிறகு குட்டி இருக்கும் பக்கமாக ஒரே ஓட்டம் எடுத்தாள்.

மறுநாள் காலை முயல், காட்டுப்பன்றி, கடமான் எல்லோரும் குகை வாசலில் வரிசையில் நின்றார்கள். ராஜாவின் பிடரி எவ்வளவு அழகு என்று பேசும் புதுப்புது வீடியோக்களை ஒவ்வொருவரும் அன்போடு கொண்டுவந்திருந்தார்கள்.

நீதி: உன்னைத் தின்ன வருபவன் கம்ப்யூட்டரை நம்புகிறவன் என்றால் ஓடாதே, அவன் எதையும் மூடிவிடாமல் பார்த்துக்கொள், அது போதும்.