இன்ஜினியர் சென்னியப்பன் படத்திறப்பில் யாரும் பேசாதது குறித்து

பெருமாநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மருமகள் சண்முகப்பிரியாவுக்கு,

அக்பர் மாமா எழுதிக்கொள்வது. படைத்தவன் அருளால் நானும் உன் நசீமா அத்தையும் நலம். என் சர்க்கரை இருநூற்றுப் பத்து. அதையும் நலத்திலேயே சேர்த்துக்கொள். ஜெர்மனியில் நீயும் குழந்தையும் குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

உன் அப்பாவின் படத்திறப்பு நிகழ்ச்சி முழுத் தோல்வியில் முடிந்ததற்கு, அதை ஏற்பாடு செய்தவன் என்ற முறையில், எழுத்து மூலமாக மன்னிப்புக் கேட்கவே இந்தக் கடிதம். யாரோ அனுப்பிய பன்னிரண்டு விநாடி வீடியோவைப் பார்த்துவிட்டு, "அங்கே என்ன சண்டை மாமா?" என்று கேட்டிருந்தாய். சண்டை இல்லை, கண்ணு. வாய்ஸ் மெசேஜில் விளக்க இரண்டு முறை முயன்றேன். ஒன்று பாதியில் நின்றுவிட்டது, இன்னொன்று எங்கள் ஜமாத் குரூப்புக்குப் போய், அங்கே மூன்று பேர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டார்கள். ஆகவே காகிதம்.

இந்த யோசனை வந்ததே என் பனியன் கம்பெனி ஏழாம் நம்பர் நிட்டிங் மெஷினால்தான். உன் அப்பா போனிலேயே மெஷின் பார்க்கிறவர் என்பது உனக்குத் தெரியும். "விளக்கம் வேண்டாமுங்க மச்சான், அது போடற சத்தத்தப் போட்டுக் காட்டுங்க" என்பார். என் தம்பி கல்யாணத்தில், நிக்காஹ் நடந்துகொண்டிருக்கும்போது, பந்தல் ஓரத்தில் நின்று "கடக் கடக் டிங்" என்று நான் கத்தியதை எங்கள் சம்பந்தி வீட்டார் இன்றுவரை மறக்கவில்லை. நீ ஹாஸ்டலில் இருந்தபோது சளி என்று சொன்னால், "எங்கே, இருமிக் காட்டு சாமி" என்று கேட்டுவிட்டு, வறட்டு இருமலா கபமா என்று சொன்னவர் அவர். போன மாதம் ஏழாம் நம்பர் திடீரென்று ஒரு புதுச் சத்தம் போட்டது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. போனை எடுத்தேன், பழக்கத்தில் கை அவர் நம்பருக்கே போனது, எடுத்ததும் "க்ரீச் க்ரீச் டொப்" என்று ஒரு நிமிடம் விடாமல் கத்தினேன். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான், அவர் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது என்பது என் மண்டையில் ஏறியது. உன் அம்மாதான் பேசினாள். "ஏனுங்கண்ணா, ஊசி ஒடஞ்சிருக்குமாட்ட இருக்குதுங்க, மாத்திப் பாருங்க" என்றாள். மாற்றினேன். ஓடியது. அவர் போனை இன்னும் தினம் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள் விஜயகுமாரி. அன்று ஷிப்ட் முடியும்வரை நான் அந்த மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த மனிதருக்கு ஊர் கூடி ஒரு படத்திறப்பாவது வைக்க வேண்டும் என்று அப்போது முடிவு செய்ததுதான் நான் செய்த தப்பு.

படத்திறப்புக்குப் படம் வேண்டுமல்லவா? உங்கள் வீட்டு ஆல்பங்கள் ஐந்தையும் புரட்டினோம். உன் காதுகுத்தில் அவர் ஜெனரேட்டருக்குள் தலையை விட்டிருக்கிறார். உன் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில், மணவறைக்குப் பின்னால் ஏணியில் நிற்கிறார். செருப்பு மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. முகம் நேராகத் தெரிவது ஆதார் அட்டையில் மட்டும்தான். அதையே ஸ்டூடியோவில் கொடுத்தேன். அந்தப் பையன் நல்ல மனதோடு கோட்டு, டை எல்லாம் மாட்டி, நிறத்தையும் ஏற்றி, மீசையை ஒழுங்கு செய்துவிட்டான். மண்டபத்தில் திரையை விலக்கியதும் குண்டடத்திலிருந்து வந்திருந்த உன் ரங்காத்தாள் அத்தை எழுந்து போய் உற்றுப் பார்த்து, "லட்சணமாத்தான் இருக்கறாருங்க. எங்க தம்பி படத்த எப்பத் தொறப்பீங்க?" என்று கேட்டார்.

சரி, பேச்சிலாவது சமாளிப்போம் என்று சங்கச் செயலாளர் சதீஷ்குமாரை மேடையேற்றினேன். பதினொரு பக்கம் எழுதி வந்திருந்தார். "மாமனிதர்" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு மைக் 'கீஈ' என்று கத்திவிட்டு அடங்கியது. வந்திருந்தவர்கள் யார் யார் என்று நீயே நினைத்துப்பார். பாய்லர்க்காரர்கள், கம்ப்ரஸர்க்காரர்கள், கம்பெனி பிட்டர்கள், ஈ.பி.யிலிருந்து நாலு பேர். உன் அப்பாவோடு ஒரு நாளாவது வேலை செய்த அறுபது பேர் இருக்கிற மண்டபத்தில் ஒரு மெஷின் நின்றுபோனால் என்ன ஆகும்? அறுபது பேரும் எழுந்தார்கள். துக்கத்துக்கு வெள்ளை வேட்டி கட்டி வந்தவர்கள் சட்டைப்பையில் எல்லாம் டெஸ்டர் இருந்தது. "எர்த்து சரியில்லீங்க" என்று ஒரு கூட்டம், "இல்லீங்க, கெப்பாசிட்டர் போயிருச்சு" என்று இன்னொரு கூட்டம். தூத்துக்குடி முனீஸ், "ஏல, மொதல்ல லைன ஆஃப் பண்ணுங்கல!" என்று கத்தினான். மைக் செட்டுக்காரர் தன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழாத குறை. நீ வீடியோவில் பார்த்தது இதைத்தான். மேடையில் சதீஷ்குமார் மட்டும் பதினொரு பக்கத்தோடு தனியாக நின்றார். சிறிது நேரத்தில் அவரும் இறங்கி வந்து டார்ச் அடித்தார்.

பிரித்துப் போட்டுப் பார்த்தபடியே அவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். எந்த மே மாதத்தில் எந்த பாய்லருக்குள் அவர் இறங்கினார், யார் கைவிரல் போக இருந்ததை எப்படித் தடுத்தார் என்று. உன் அப்பா வேலை பார்த்த கம்பெனியின் தையல் செக்ஷன் பாண்டியம்மாளுக்கு எப்போதுமே மைக் வேண்டியதில்லை. "வெயில்ல ஒண்ணொண்ணா மயங்கி விழுந்தோம். ஓனரு காத்தாடி போட மாட்டேன்னுட்டாரு. இன்ஜினியரு சாருதான், இத மாட்டலேன்னா மெஷின் சூடாகிப் போயிரும்னு பொய்ய சொல்லி மாட்ட வச்சாரு" என்றாள். ஓனரும் அங்கேயேதான் இருந்தார், "பொய்யா அது?" என்று அவர் கேட்டதில் மண்டபமே சிரித்தது. அப்புறம் அந்த ஓனரே சொன்னார்: "பங்களாதேசத்துல பெரிய பேக்டரிக்கு சீஃப் இன்ஜினியராக் கூப்புட்டாங்க. நானும் போகச் சொன்னனுங்க. 'எங்கூட்டுக்காரம்மா தனியா உக்காந்து சாப்பிட மாட்டாங்க, நான் வல்லீங்க'ன்னு சொல்லிப்போட்டாருங்க."

இது உன் அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இருபது வருட விஷயம். விஜயகுமாரி முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாக ஒரு வாய்க்கு மேல் சோறு இறங்காதவள். எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எல்லாரும் சாப்புட வாங்க, ஆறிப் போகுது" என்றாள். கை முழுக்கக் கறையோடு வந்தவர்களுக்கு நடுவில் பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மைக் கடைசிவரை வேலை செய்யவில்லை.

இப்படியாக, மேடையில் உன் அப்பாவைப் பற்றி "மாமனிதர்" என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் பேசப்படாமல் நிகழ்ச்சி முடிந்தது. இதற்கு நான் ஒருவனே பொறுப்பு. இனி இந்த மாதிரி எதையும் என்னிடம் ஒப்படைக்கக் கூடாது. நேற்றுக்கூட கம்ப்ரஸர் விஷயமாக ஒரு சந்தேகம்; கேட்க ஆள் இல்லை, கண்ணு. அதுதான் பெரிய கஷ்டமாக இருக்கிறது.

உன் வீட்டில் வெளிச்சமும், உன் குழந்தை வாயில் தமிழும் குறையாமல் இருக்கட்டும். நசீமா அத்தை குழந்தைக்கு முத்தம் தரச் சொன்னாள்.

இப்படிக்கு,
மிகுந்த வருத்தத்துடன்,
அக்பர் மாமா.

பி.கு.: தபாலில் போடும் முன் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மன்னிப்புக் கேட்ட இடங்களை எல்லாம் அடித்துவிடச் சொல்கிறாள். "வெளிய என்ன பண்ணிட்டிருந்தாருன்னு அவரு ஒருநாளும் ஊட்டுல சொன்னதில்லீங்கண்ணா. அன்னைக்கு எல்லாஞ் சொன்னாங்க. மைக்கு நல்லா இருந்திருந்தா ஒருத்தருதானுங்க பேசியிருப்பாரு. வருசத் திதிக்கும் அந்த மைக் செட்டுக்காரரையே வரச் சொல்லுங்க" என்றாள். இப்போதே போன் செய்து சொல்லிவிட்டேன். புது செட்டு வாங்கிவிட்டாராம். பழசையே கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.