ஐந்தாவது பெயருக்கு ஒத்திகை இல்லை

பெயரை வாசிப்பதற்கு அரை நொடி முன்பே கை தட்டத் தொடங்கிவிடுகிற ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே நாலைந்து பேர் தேறுவார்கள். பரிசு இன்னொருவருக்குப் போகப்போகிறது என்பது இவர்களுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரிந்த மறுகணம் முகம் மலர்ந்துவிடும். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, தங்களுக்கே கிடைத்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது என்பார்கள். கட்டிப்பிடிக்கப்பட்டவருக்கு விலா எலும்பு லேசாக வலிக்கும். பாசம் என்று நினைத்துக்கொள்வார்.

இந்த இனம் இல்லாத ஊர் கிடையாது. ஆனால் அது நன்றாக வளர்ந்து பூத்துக் குலுங்குவது ஹாலிவுட்டில்தான். மற்ற ஊர்களில் தோற்றவர் பேசாமல் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தனக்கு வேண்டிய முகத்தை வைத்துக்கொள்ளலாம். இங்கே அது முடியுமா? பெரிய விருது கொடுக்கிற அன்று போட்டியில் இருக்கிற ஐந்து நடிகைகளின் முகத்துக்கு முன்னாலும் ஒரு கேமராக்காரர் குந்தியிருப்பார். உறையைப் பிரிக்கும்போது ஐந்து முகமும் ஐந்து கட்டங்களில் டிவியில் தெரியும். ஒருத்தி ஜெயிப்பாள். மற்ற நால்வரும் உலகமே பார்த்துக்கொண்டிருக்க, ஒரே நேரத்தில் ஆனந்தப்பட்டாக வேண்டும். நடிப்பு என்றால் அதுதான் நடிப்பு. அதற்கு மட்டும் விருது கிடையாது.

இருந்திருந்தால் டெல்லா லிண்டல் ஆறு வாங்கியிருப்பாள்.

டெல்லாவின் அந்த அரை நொடியை முதலில் கண்டுபிடித்தவள் ரொசால்பா மெந்தோசா. இருபத்தொன்பது வருடங்களாக டெல்லாவுக்கு மேக்கப் போடுகிறவள். அதிகம் பேசமாட்டாள். ஒருவர் முகத்துக்கு நாலு அங்குலம் தள்ளி நின்றுகொண்டு வேலை செய்கிறவளுக்குப் பேச்சு எதற்கு? கண் இருந்தால் போதும். உறை பிரியும் சத்தம் கேட்டதும் டெல்லாவின் வலது புருவம் முதலில் ஏறும், பிறகு தலை இடப்பக்கம் ஒரு விரற்கடை சாயும், பிறகு கைகள் ஒன்று சேரும். பெயர் அதற்குப் பிறகுதான் வரும். ஆறு முறையும் இதே வரிசை. ஆறு முறையும் பெயர் வேறொருத்தியுடையது.

இதைக் கற்றுக்கொள்ள டெல்லா எந்த நாடகப் பள்ளிக்கும் போகவில்லை. அவள் பிறந்தது அமெரிக்காவின் வடக்கே மினசோட்டாவில், பனியும் சோளமும் தவிர வேறொன்றும் விளையாத ஓர் ஊரில். அங்கே வருடா வருடம் கோடைக் கண்காட்சியில் ஜாம் போட்டி நடக்கும். முதல் பரிசு ஒரு நீல ரிப்பன். டெல்லாவின் அம்மா பதினோரு வருடம் ஸ்ட்ராபெரி ஜாம் கொண்டுபோனாள். பதினோரு வருடமும் ரிப்பன் எதிர்வீட்டுத் திருமதி ஹால்வர்சனின் பாட்டிலுக்குப் போனது. பதினோரு வருடமும் கூட்டத்தில் முதலில் கை தட்டியவள் டெல்லாவின் அம்மா. புருவம் ஏற, தலை சாய, முகமெல்லாம் சிரிப்பாக. பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்தால் வீடு வரும்வரை நாற்பது மைலுக்கு ஒரு வார்த்தை பேசமாட்டாள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த டெல்லா அந்த இரண்டு முகங்களையும் பார்த்துத்தான் நடிப்பு என்றால் என்னவென்று தெரிந்துகொண்டாள்.

பத்தொன்பது வயதில் பேருந்து ஏறி லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தாள். நாலு வருடம் ஓட்டலில் காப்பி ஊற்றினாள். பற்பசை விளம்பரத்தில் இரண்டு பல் தெரிந்தது. ஒரு துப்பறியும் தொடரில் பிணமாக நடித்தாள். நல்ல பிணம் என்று பெயர் வாங்கினாள். பிறகு கன்னியாஸ்திரீ, நாயகியின் தோழி, நாயகியின் அக்கா என்று படிப்படியாக ஏறி, முப்பத்தேழு வயதில் ஒரு விவசாயியின் விதவையாக நடித்தபோது முதல்முறையாகப் பெரிய விருதின் ஐந்து பேரில் ஒருத்தியானாள். அந்த முறை ஜெயித்தது ராணியாக நடித்தவள். அடுத்த முறை பார்வையற்றவளாக நடித்தவள். அதற்கடுத்த முறை பார்வையற்ற ராணி. டெல்லா எல்லாருக்கும் கை தட்டினாள். பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டும்போதெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "இதுக்கு முழுத் தகுதி அவளுக்குத்தான். அவளுக்காக என் மனசு நெறஞ்சிருக்கு. இந்த வரிசையில நானும் இருந்தேங்கறதே எனக்குப் பரிசு."

ஒவ்வொரு முறையும் அவளுடைய சின்னக் கைப்பையில் நன்றி சொல்வதற்கான தாள் ஒன்று மடித்திருக்கும். ஜெயித்தால் மேடையில் நாற்பத்தைந்து நொடி கொடுப்பார்கள், அதற்கு மேல் போனால் வாத்தியக்காரர்கள் இசையை ஆரம்பித்து ஆளை இறக்கிவிடுவார்கள் என்பதால் பெயர்களை எண்ணி எழுதியிருப்பாள். முதல் தாளில் கணவர் கர்ட்டிஸ். மூன்றாவது தாளில் கணவர் லெஸ்லி. ஐந்தாவதிலிருந்து பெயர் போடாமல் "என் கணவர்" என்று மட்டும் எழுதினாள், ஒரு முன்னெச்சரிக்கைதான். ஏஜென்டுகள் மாறினார்கள், இயக்குநர்கள் மாறினார்கள். கடைசி வரி மட்டும் மாறவே இல்லை: "தினமும் காலையில் எனக்கு ஒரு முகம் தருகிற ரொசால்பா மெந்தோசாவுக்கு."

ரொசால்பா இதை ஒரே ஒரு முறை, ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னாள். அந்த ஆள் அவளுடைய தங்கை யோலாண்டாவாக இருந்தது தப்பாகப் போயிற்று. அதிலிருந்து டெல்லா போட்டியில் இருக்கிற வருடமெல்லாம் ஊரின் கிழக்கே பாயில் ஹைட்ஸ் என்கிற பகுதியில் இருக்கிற யோலாண்டா வீட்டில் சொந்தபந்தம் அத்தனையும் கூடிவிடும். அடுப்பில் தமாலே என்கிற மெக்சிகோ சோளமாவுக் கொழுக்கட்டை வேகும். தேவாலயத்துக்கு உடுத்துகிற உடுப்பில் வருவார்கள். ஆறாவது முறை யோலாண்டாவின் புருஷன் எக்டர் தட்டில் நாலாவது தமாலேயை வைத்துக்கொண்டே, "உன் அக்கா பேரு அந்தத் தாளுலயே வயசாகி ஓய்வுக்குப் போயிரும்போல" என்றான். சிரித்தார்கள். ரொசால்பாவும் சிரித்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த வரியை ஒரு தடவை, ஒரே தடவை, டெல்லா வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்காகவே டெல்லா ஜெயிக்க வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றினாள். பெற்ற பிள்ளைக்குக்கூட அத்தனை ஏற்றியிருக்கமாட்டாள்.

ஏழாவது முறை வந்தது. டெல்லாவுக்கு அறுபத்தொன்று. காது கேட்காமல் போகிற பள்ளிப் பேருந்து ஓட்டுநராக நடித்திருந்தாள். இனி இந்த மாதிரிப் பாத்திரம் வராது என்று அவளுக்குத் தெரியும், ரொசால்பாவுக்கும் தெரியும். இருந்தாலும் இமானி ப்ரூக்ஸ் என்ற இருபத்துநாலு வயதுப் பெண்தான் ஜெயிப்பாள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

விழா அன்று மத்தியானம் ஓட்டல் அறையில் வழக்கம்போல ஒத்திகை. விழாவுக்காக நகைக்கடையில் கடன் வாங்கிய வைரத்தைக் காவல் காக்க வந்த ஆள் வாசலில் உட்கார்ந்திருந்தான். ரொசால்பா சலவைத் துணி போடுகிற ஓட்டல் உறையைப் பிரித்து மற்ற நாலு நடிகைகளின் பெயரையும் ஒவ்வொன்றாக வாசிக்க, டெல்லா கண்ணாடியைப் பார்த்துக் கை தட்டினாள். எல்லாருக்கும் ஒரே மாதிரி தட்டினால் அது நடிப்பா? சின்னப் பெண் ஜெயித்தால் கண்ணில் கொஞ்சம் தாய்ப்பாசம். பழைய எதிரி ஜெயித்தால் "நீயா" என்கிற செல்லக் கோபம். வெளிநாட்டுக்காரி ஜெயித்தால் மரியாதையோடு ஒரு தலையாட்டல். இமானிக்கு மட்டும் மூன்று தடவை செய்து பார்த்தாள்.

"உங்க பேரையும் ஒரு தடவ படிக்கட்டுமா?" என்றாள் ரொசால்பா.

"வாய மூடு. அதப் படிச்சா வராது."

இது அந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் உள்ள பயம். தன் பெயரைத் தானே முன்கூட்டிக் கேட்டுவிட்டால் விருது ஓடிவிடுமாம். ஆகவே நாலு பெயருக்கு மும்முரமாக ஒத்திகை நடந்தது. ஐந்தாவதற்கு இல்லை.

சாயங்காலம் ரொசால்பா ஓட்டல் அறையில் டிவி முன்னால் உட்கார்ந்தாள், காதில் போன். மறுமுனையில் யோலாண்டாவும் இருபத்துமூன்று பேரும். ஐந்து கட்டங்களில் ஐந்து முகங்கள். உறை பிரிந்தது. டெல்லாவின் புருவம் ஏறியது, தலை சாய்ந்தது, கைகள் சேர்ந்தன.

"டெல்லா லிண்டல்."

டெல்லா எழுந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்தாள். நேராக இமானியிடம் போனாள். கண்ணில் சரியான அளவு தாய்ப்பாசத்தோடு அந்தப் பெண்ணை அள்ளி அணைத்துக்கொண்டாள். இமானி அவள் காதில், "நீங்கதாம்மா, நீங்கதான்" என்றாள். ஜெயித்தவர்கள் தோற்றவர்களிடம் வழக்கமாகச் சொல்வதும் அதைத்தான். ஆறு பேரிடம் அதைக் கேட்டிருந்த டெல்லா, "அப்படியெல்லாம் சொல்லாதே கண்ணு, போ, மேடைக்குப் போ" என்று அவளை முன்னால் தள்ளினாள். தற்போதைய கணவர் ஓடிவந்து டெல்லாவின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டியிருந்தது.

யோலாண்டா வீட்டில் கூரை இடிந்து விழுகிற மாதிரிச் சத்தம். பிறகு எக்டர் எல்லாரையும் அதட்டி அடக்கினான். பேர் வரப்போகிறது.

மேடையில் டெல்லா சிலையைக் கையில் வாங்கினாள். கைப்பை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். மண்டபம் அமைதியானது. மைக் முன்னால் இருந்தது. இருபத்துநாலு வருடங்களாக மைக்கைக் கண்டதும் அந்த வாய் என்ன சொல்லுமோ அதைச் சொன்னது:

"இதுக்கு முழுத் தகுதி அவளுக்குத்தான். அவளுக்காக என் மனசு நெறஞ்சிருக்கு. இந்த வரிசையில நானும் இருந்தேங்கறதே எனக்குப் பரிசு."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பன்னிரண்டு நொடிதான் ஆனது. மீதி முப்பத்துமூன்று நொடியும் மண்டபம் எழுந்து நின்று அழுதது.

"அக்கா," என்றாள் யோலாண்டா, "அவளுக்கு, அவளுக்குங்கறாங்களே, யாரு அது?" பின்னால் யாரோ மெதுவாக என்னமோ சொன்னார்கள். "ஒருவேள உன்னத்தான் சொல்றாங்களோ?"

"இருக்கும்," என்றாள் ரொசால்பா. "எனக்கு ரொம்ப சந்தோஷம்டி."

அப்போதுதான் அவள் தன் கை தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது. எதிரே மேக்கப் கண்ணாடி, சுற்றிலும் பல்புகள். அதில் வலது புருவம் ஏறியிருந்தது. தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

விருந்துக்குப் போகும்முன் பவுடர் ஒற்றிக்கொள்ள டெல்லா அறைக்கு வந்தாள். சிலையை ரொட்டி வாங்கி வந்தவள் மாதிரி அக்குளில் இடுக்கியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பையிலயே இருந்திருக்கு, ரொசால்பா."

"பரவால்ல. அதனால என்ன? உங்களுக்காக என் மனசு..."

டெல்லா நிமிர்ந்து பார்த்தாள். அந்த விஷயத்தில் அவளுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை.

"அந்த முகத்த என்கிட்டக் காட்டாதே. அது என்னோடது."

ரொசால்பா பவுடர் டப்பாவைத் திறந்தாள். டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூடிய கண்ணோடே, "புருவம் சரியாத்தான் இருக்கு. தலைய மட்டும் இன்னும் கொஞ்சம் சாய்க்கணும்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். முதலில் யார் நிறுத்தியது என்று தெரியவில்லை. அடுத்த தடவை நிச்சயமாகச் சொல்வதாக டெல்லா சொன்னாள்.

மறுநாள் பத்திரிகைகளில் ஒரே கேள்வி: யார் அந்த அவள்? இமானி என்றார்கள். அடையாளமில்லாமல் உழைக்கிற பெண்கள் எல்லாரும் என்றார்கள். டெல்லாவிடம் கேட்டபோது கொஞ்சம் யோசித்து, "என் அம்மா" என்றாள். மினசோட்டாவில் திருமதி ஹால்வர்சனின் பிள்ளைகள் அது தங்கள் அம்மாதான் என்று இன்னும் நம்புகிறார்கள். மொத்தத்தில் ஒரே வாரத்தில் டெல்லா நாட்டின் பணிவுக்கே முகமாகிவிட்டாள். பணிவுக்காக மட்டும் மூன்று சங்கங்கள் விருது கொடுத்தன. ஒவ்வொன்றையும் வாங்கப் போகும்போது தாள் எடுத்துப் போனாள், ஒன்றிலும் பிரிக்கவில்லை. தனக்குத் தகுதியில்லை என்று சொல்லி முடிக்கவே நாற்பத்தைந்து நொடி போதவில்லை. அதில் பெயர்ப் பட்டியலுக்கு எங்கே இடம்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவருக்கு உங்களுக்கு முன்னால் பதவி உயர்வு வந்த அன்று, எல்லாருக்கும் முதலில் கை தட்டியது யார்? நாத்தனார் மகளின் மதிப்பெண்ணைக் கேட்டதும் "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று சர்க்கரை எடுக்க உள்ளே ஓடியது யார்? சமையலறையில் அந்தச் சர்க்கரை டப்பாவைத் திறக்க ஏன் அத்தனை நேரம் ஆயிற்று? இப்போதைக்குக் கண்ணாடிப் பக்கம் போகவேண்டாம். புருவத்தை மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

டெல்லாவுக்கு இப்போது அறுபத்துநாலு. பணிவான பெண்களாக மூன்று படம் நடித்துவிட்டாள். மூன்றாவதற்கு மறுபடியும் ஐந்து பேரில் ஒருத்தியாகியிருக்கிறாள். ரொசால்பாதான் மேக்கப். எக்டர் இந்த வருடம் டிவி பக்கமே வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். தமாலேக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பதும் அவன்தான். எட்டாவது தாள் எழுதியாகிவிட்டது. ரொசால்பாவின் பெயர் கடைசி வரியில் இருக்கிறது.