மூலை இல்லாத கேக்

"என்னங்க இது, பஸ் மாதிரி நீண்டுகிட்டே போகுது?" என்றாள் மனைவி.

பேக்கரிக்காரர் கேக்கைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கேட்டது பெரிய சதுரக் கேக். அவருடைய அடுப்பில் வந்ததோ சின்னச் சதுரம். இன்னொன்று சுட்டு, அதிலிருந்து ஒரு பட்டை வெட்டிப் பக்கத்தில் ஒட்டினார். நீளம் வந்தது, சதுரம் போனது.

பள்ளிக்கூடத்தின் முதல் ஆர்டர். இது நன்றாக அமைந்தால் இனி எல்லா விழாவுக்கும் இங்கேதான் என்று அட்டெண்டர் சொல்லியிருந்தார். கணக்கு வாத்தியாருக்கு இன்று வழியனுப்பு விழா. எவ்வளவு கத்திச் சொல்லியும் அல்ஜீப்ரா ஒருத்தருக்கும் ஏறவில்லை என்று மனம் விட்டுப்போய், ஓய்வு வயசு வருவதற்கு முன்பே வேலையை விடுகிறாராம்.

பட்டையை நீளவாக்கில் இரண்டாக்கிப் பாதியை வலப்பக்கமும் பாதியைக் கீழேயும் வைக்கச் சொன்னாள் மனைவி. வைத்தார். இரண்டு பக்கமும் சமமாக வளர்ந்தன. ஆனால் மூலையில் ஓட்டை.

க்ரீமை அப்பினார். அது வழிந்து மேஜைக்கு வந்தது. பட்டைகளை எடுத்துவிட்டு இன்னும் அகலமாக வெட்டி வைத்தார். ஓட்டையும் அகலமானது.

"நீங்க வளர்க்க வளர்க்க அதுவும் வளருது. உங்க தொப்பை மாதிரி."

கடுப்பில் ஸ்கேலை எடுத்து ஓட்டையை அளந்தார். மறுபடி அளந்தார்.

"இங்க வந்து பாரேன். பட்டை எவ்வளவு அகலமோ, ஓட்டை நாலு பக்கமும் அவ்வளவுதான். இது ஓட்டையே இல்லம்மா, குட்டிச் சதுரம்."

அதே அளவில் ஒரு துண்டு வெட்டி இறக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. பெரிய சதுரம் முழுசாகிவிட்டது.

"யாருங்க இப்படிப் பொருந்தும்னு வச்சது?" என்றாள் அவள், மெதுவாக.

ஒட்டிய கோடுகளைக் க்ரீம் போட்டு மூட இருவருக்குமே மனசு வரவில்லை.

வாத்தியாரை விழாவுக்கு அழைத்துப் போகும் கார் வந்தது. அட்டெண்டருடன் வாத்தியாரும் இறங்கி உள்ளே வந்தார். அவர் விரல் முதல் சதுரம், இரண்டு பட்டை, குட்டிச் சதுரம் என்று கேக்கின் மேலே காற்றில் நகர்ந்தது.

"பாதியாக்கி, அந்தப் பாதியோட வர்க்கத்தைச் சேர்த்து..." என்று முணுமுணுத்தார். "நான் நடத்துற அல்ஜீப்ரா இதேதான்! யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல சார். கேக்கே சொல்லிச்சு."

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போர்டுல எழுதியே காலத்தை ஓட்டிட்டேன். இப்படிக் காட்டியிருந்தா புரிஞ்சிருக்குமே. நான் வேலையை விடல. ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிட்டு வர்றேன்."

விறுவிறுவென்று நடந்தே போய்விட்டார். பேக்கரிக்காரர் பெருமையோடு கேக் பெட்டியை நீட்டினார்.

அட்டெண்டர் கையை நீட்டவில்லை. "அவர் போகலைன்னா வழியனுப்பு ஏதுங்க? கேக் வேணாம்."