மேற்படி வேலியை வெட்டியது சம்பந்தமாக

அனுப்புநர்:
மகாராஜன், பத்திர எழுத்தர் (ஓய்வு), வேலிக்கு மேற்கு, திருவேங்கடம் ரோடு, சங்கரன்கோவில்.

பெறுநர்:
உயர்திரு துரைப்பாண்டி அவர்கள், விசைத்தறி மோட்டார் பழுது பார்ப்பவர், வேலிக்குக் கிழக்கு, மேற்படி ரோடு, மேற்படி ஊர்.

மரியாதைக்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். ஆனால் இன்று காலை தாங்கள் பல் துலக்கிக் காறித் துப்பிய சத்தம் என் காப்பி டம்ளர் வரைக்கும் கேட்டது. ஆகவே தாங்கள் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இங்கே நானும், என் மனைவியும் தங்கள் அக்காளுமான கோமதித்தாயும், எங்கள் மகள் கோகிலாவும் நலம். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிற ஆளுக்குத் தபாலில் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். கூப்பிட்டால் பேசியதாக ஆகிவிடும். தபாலில் எழுதினால் பேசியதாக ஆகாது.

விஷயம் மேற்படி வேலி பற்றியது. என் மாமனாரும் தங்கள் தகப்பனாருமான பெரியவர், தம் கரிசல் நிலத்தை இரண்டாக்கி மேற்குப் பாதியை மகளுக்கும் கிழக்குப் பாதியை மகனுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எங்கள் பத்திரத்தில் ‘வேலிக்கு மேற்கு’ என்று இருக்கிறது. தங்கள் பத்திரத்தில் ‘வேலிக்குக் கிழக்கு’ என்று இருக்கிறது. வேலி யாருக்கு என்பது இரண்டிலும் இல்லை. இந்தத் தாலுகாவில் பாதிப் பேருடைய நான்கு எல்லையையும் என் கையால் எழுதியவன் நான், என் வீட்டு எல்லை மட்டும் அநாதையாக நிற்கிறது. வேலி யாருடையதோ அவர்தான் முள் வெட்டிப் போட்டு ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். தங்கள் கிடா அந்த ஓட்டை வழியாக வந்து என் மல்லியை மேய்ந்த அன்று, வேலி உம்முடையது என்று நான் சொன்னேன். இல்லை, உம்முடையது என்று தாங்கள் சொன்னீர்கள். ஊரில் எல்லோரும் எல்லை எனக்கு எனக்கு என்று சண்டை போடுவார்கள். நாம் இரண்டு பேரும் உமக்கு உமக்கு என்று போட்டோம். அன்றைக்கு நான் கடைசியாகச் சொன்னது தங்களுக்கு மறந்திருக்காது. “இந்தத் தோள்துண்ட எடுத்துக் கையில வச்சிக்கிட்டு ஒம்மகிட்ட வருவேன்னு மட்டும் நெனைக்காதேயும் வே” என்றேன். அந்த வார்த்தையில் இன்றுவரை மாற்றம் இல்லை. அன்றிலிருந்து வேலியை இரண்டு பேரும் தொடவில்லை. தொட்டால் தன்னுடையது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதுவும் கேட்பாரில்லாமல் கிளுவையும் உடைமுள்ளும் கோவைக்கொடியுமாக வளர்ந்து, இந்தப் பக்கம் என் உளுந்தையும் அந்தப் பக்கம் தங்கள் உளுந்தையும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் தை மாதம் கோகிலாவுக்குக் கல்யாணம். கோவில்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். எல்லாம் நல்லபடி கூடிவந்த நேரத்தில் கோகிலா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். “மாமா வந்து மாலை எடுத்துக் குடுக்காம நான் மணையில உக்கார மாட்டேம்பா” என்றாள். தாய்மாமனைக் கூப்பிட வேண்டுமென்றால் நான் தங்கள் வாசலுக்கு வர வேண்டும். வந்தால் சொன்ன வார்த்தை போய்விடும். வராவிட்டால் கல்யாணம் போய்விடும். என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. சோற்றில் ரசம் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் எந்திரம் வந்தது. எங்கள் மகன் பாண்டிராஜ் ஊட்டிப் பக்கம் ஒரு பங்களாத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருப்பது தங்களுக்குத் தெரியும். அந்த முதலாளி புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை இவனுக்குக் கொடுத்துவிட்டாராம். இவன் அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டான். யாரும் கேட்கவில்லை. நாலு சக்கரம், ஒரு சீட்டு, ஒரு ஸ்டீயரிங். வயிற்றுக்கு அடியில் புல் வெட்டுகிற கத்தி சுற்றுகிறது. பக்கவாட்டில் நீளமாக ஒரு கை, அதன் நுனியில் பல் பல்லாக இருக்கிறது, அது வேலியை வெட்ட. டிராக்டர் என்றும் சொல்ல முடியவில்லை, ஆட்டோ என்றும் சொல்ல முடியவில்லை. பாண்டிராஜ் போனில் விளக்கம் சொன்னான். “அப்பா, இங்கன எல்லாரும் வேலிய மேச கணக்கா மட்டமா வெட்டி வச்சிருக்காங்க. பாக்கவே லெச்சணமா இருக்கு. நீங்களும் வெட்டி வைங்க, மாப்பிள்ள வீட்டுக்காரங்க அசந்துருவாங்க” என்றான். எப்படிக் கிளப்புவது என்றும் சொன்னான். எப்படி நிறுத்துவது என்று சொல்ல வரும்போது சிக்னல் போய்விட்டது. பிறகு கூப்பிட்டால் மலையில் மழை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு அம்மாள் சொல்கிறாள். சாவியை அணைத்தாலும் அது நிற்பதில்லை. முதல் தடவை வைக்கோல் படப்பில் போய் முட்டி, வைக்கோல் சிக்கித்தான் நின்றது.

வேலியை எதற்கு வெட்ட வேண்டும் என்பதே எனக்குப் புரியவில்லை. ஆடு நுழையாமல் இருக்கத்தானே வேலி. அதை மட்டமாக வெட்டினால் ஆடு எட்டிப் பார்க்கும், பார்த்தால் தாண்டும். புல் விஷயமும் அப்படித்தான். இந்தக் கரிசலில் கார்த்திகை மழைக்கு ஏதோ கொஞ்சம் புல் தலை காட்டுகிறது. வாசலுக்கு முன்னால் இருந்ததைச் சோதனைக்காக வெட்டிப் பார்த்தேன். வெட்டியதைத் தூளாக்கிக் காற்றில் ஊதிவிட்டது. கிடை போடுகிற இசக்கிப்பாண்டி தன் ஆடுகளோடு வந்து அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். “அண்ணாச்சி, வெட்டுன புல்லு எங்கன?” என்று கேட்டான். நான் காற்றைக் காட்டினேன். “ஆடு திங்கக் கூடாதுன்னே ஒரு மிசினு கண்டுபிடிச்சிருக்கான் பாத்தீயளா” என்றான்.

எப்படியானாலும் புது வண்டி, பூசை போடாமல் எடுக்கக் கூடாது என்று கோமதி சொல்லிவிட்டாள். மறுபடியும் குட்டியானையில் ஏற்றிக் கோவில் வாசலுக்குக் கொண்டுபோனோம். பூசை போட வந்தவர் எந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, இதற்கு முகம் எந்தப் பக்கம், சந்தனத்தை எங்கே வைப்பது என்று கேட்டார். எனக்கும் தெரியாததால் நாலு பக்கமும் வைத்தார். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தோம். நீட்டிக்கொண்டிருந்த கைக்கு மாலை போட்டோம். சூடம் காட்டி முடிந்ததும் நான் சாவியைத் திருப்பினேன். சக்கரம் பழத்தை நசுக்குவதுதானே உலக வழக்கம். இது நகர்வதற்கு முன்னாலேயே பழங்களை வயிற்றுக்குள் இழுத்து ஒவ்வொன்றாக வெளியே எறிந்தது. ஒன்று எதிரே இருந்த புரோட்டாக் கடையின் சால்னாச் சட்டியில் விழுந்தது. அதே நேரத்தில் கை தானாக மேலே உயர்ந்து மாலையைப் பொடிப் பொடியாக வெட்டிக் கூடியிருந்தவர்கள் தலையில் தூவியது. பஸ்ஸுக்கு நின்ற பொம்பளையாட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாலை கட்டிய நார் பல்லில் சுற்றி எந்திரம் நின்றது. அம்பாளே நிறுத்திவிட்டாள் என்று பூசை போட்டவர் சொன்னார். அன்றைக்கு வேறு யாரும் நிறுத்தியிருக்கவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நெருங்கிவிட்டது. நேற்றுப் பிற்பகல் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வேலிக்கு வந்தேன். என் பக்கத்துத் தோலை மட்டும் லேசாகச் சீவிவிடுவது, நடுவைத் தாண்டுவதில்லை என்று தீர்மானம். நடு எது என்று தெரிவதற்காகச் சிவப்புக் கயிறுகூடக் கட்டினேன். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, “வேலியில மட்டும் கை வைக்காதீய, சொன்னாக் கேளுங்க” என்று மன்றாடினாள். தம்பி கௌரவத்துக்காகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். கயிற்றை எந்திரம் முதல் கடியிலேயே தின்றுவிட்டது. அதற்குப் பிறகு நடு என்றும் ஓரம் என்றும் அதற்கு வித்தியாசம் இல்லை. முள் பறந்தது, கொடி பறந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் வேலிக்குள் ஒரு வீடு இருக்கிறது.

வீடு என்றால் வீடேதான். உள்ளே முள்ளைக் கழித்துத் தரையைச் சாணி போட்டு மெழுகியிருக்கிறது. உட்கார இரண்டு கல். ஒரு தண்ணீர்ப் பானை. வெற்றிலைத் தட்டு. தாங்கள்தான் எடுத்தீர்கள் என்று நான் இத்தனை காலமாகச் சந்தேகப்பட்ட என் குடை. வெயிலுக்கு மேலே ஒரு சேலை கட்டியிருக்கிறது. தங்கள் மனைவி சுமதி பாதி உரித்த மொச்சையோடு சுளகைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் எட்ட நிற்கிறாள். அந்தச் சேலை பல்லில் சுற்றித்தான் எந்திரம் நின்றது, இல்லாவிட்டால் தங்கள் அடுப்படிக்கே வந்திருக்கும். “ஒரு சத்தம் குடுத்துட்டு வெட்டக் கூடாதா அண்ணாச்சி” என்றாள் சுமதி. நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் தங்கள் வீட்டாரோடு பேசியதாக ஆகுமா என்பதில் எனக்குத் தெளிவில்லை.

கோமதிதான் பேசினாள். “எங்க ரெண்டு பேருக்கும் இருந்தது இந்த ஒரு எடம். அதையும் மேச கணக்கா ஆக்கிப்போட்டீய” என்றாள். நான் மத்தியானம் தூங்குகிற நேரமெல்லாம் இரண்டு பேரும் இங்கேதான் இருந்திருக்கிறார்கள். கோமதியின் கைப்பக்குவம் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது என்று நான் மெச்சிச் சாப்பிட்ட மொச்சைக் குழம்பு உம் வீட்டுக் குழம்பு. கோகிலாவின் முகூர்த்தச் சேலைக்கு நிறம்கூட இந்தக் கல்லில் உட்கார்ந்துதான் முடிவாகியிருக்கிறது. சரி, பொம்பளைகள் சமாச்சாரம் என்று விட்டுவிடுவேன். பல்லில் சுற்றிய சேலை ஏது என்று கேட்டதற்கு அவள் சொன்னதுதான் என்னை அசைத்துவிட்டது. “தம்பி குடுத்த பொங்கச் சீரு. வருசா வருசம் இந்த வழியாத்தான் குடுத்துவிடுதான். வாசல் வழியா வந்தா நீங்க வாங்க விடுவீயளா?” என்றாள்.

நீர் சீரை நிறுத்திவிட்டீர் என்று நான் பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது அந்த ஆட்களையெல்லாம் எங்கே போய்ப் பிடிப்பது? அப்படியென்றால் இத்தனை வருஷமும் நான் யாரோடுதான் பேசாமல் இருந்தேன்? என் பெண்டாட்டி பேசியிருக்கிறாள், உம் பெண்டாட்டி பேசியிருக்கிறாள், நீர் சீர் அனுப்பியிருக்கிறீர், கோகிலாவும் பரீட்சை சமயத்தில் அங்கே வந்து படித்திருக்கிறாளாம். வேலிக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்து பகையைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இருந்தாலும் பத்திரம் எழுதிய கை, முறையை விட முடியாது. வேலி உம்முடையது என்றால், உம் வேலியை அனுமதியில்லாமல் வெட்டியதற்கு உம் வாசலுக்கு வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும். அது என்னால் ஆகாது. வேலி என்னுடையது என்றால், அன்றைக்கு நீர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். அதுவும் ஆகாது. ஆகவே மேற்படி வேலி வெட்டப்படவில்லை என்றே நாம் இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். எந்திரத்தின் முன்சக்கரம் இரண்டும் கிழக்கே இருக்கின்றன, பின்சக்கரம் மேற்கே இருக்கின்றன. எந்த மோட்டாரானாலும் சங்கரன்கோவிலில் துரைப்பாண்டி கை வைத்தால்தான் ஓடும் என்று ஊரார் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை. உம்மை வரச் சொல்லவுமில்லை. நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் படுத்துவிடுவேன், அந்த நேரத்தில் வேலியில் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு நான் அழைக்கவில்லை. பெண்ணின் தாயார் அழைப்பாள், வழக்கமான வழியில். அந்த வழிதான் இப்போது இல்லை, அதற்கு என்ன செய்வது என்றும் விளங்கவில்லை.

வீட்டில் சிறியவர் பெரியவர் யாவரும் அம்பாள் கிருபையில் சீரும் சிறப்புமாக இருக்க வேண்டும். சுமதியின் கைக்கும் அந்த மொச்சைச் செடிக்கும் என் ஆசீர்வாதம் தனியாக உண்டு. இவற்றைப் பேச்சுவார்த்தை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
வேலிக்கு மேற்கே இருக்கும்,
மகாராஜன்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது எந்திரத்தின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அதன்மேல் நீர் உட்கார்ந்திருக்கிறீர். பெண்கள் மூன்று பேரும் சேலைக் கிழிசலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். இதை நான் எழுதி முடிப்பதற்குள் ரோடு வரைக்கும் மிச்ச வேலியையும் அடியோடு வழித்துவிட்டீர். இனிமேல் உமக்கும் வேலி இல்லை, எனக்கும் இல்லை. ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். இசக்கிப்பாண்டியின் ஆடுகள் இரண்டு பேர் உளுந்திலும் இறங்கிவிட்டன, அவன் முதல் முறையாக எந்திரத்தைப் புகழ்கிறான். இப்போது நீர் வட்டம் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்துகிறீர். கிடா மேய்ந்த அன்றைக்குப் பிறகு உம் வாயிலிருந்து நான் கேட்கிற முதல் பேச்சு: “அத்தான், இத எங்கன அமுக்குனா நிக்கும்?”

அமுக்குவதற்கு அதில் இடம் கிடையாது. எதையாவது பல்லில் கொடுத்தால்தான் நிற்கும். இன்னொரு சேலை தர முடியாது என்று கோமதி சொல்லிவிட்டாள். நீர் அப்படியே சுற்றிக்கொண்டிரும் வே. தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். வாரேன்.